பேட்டரிக்குப் பத்து வருடம், நெட்வொர்க்குக்கு ஆறு: ஏடி அண்ட் டி என்பி-ஐஓடி நிறுத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி தன் என்பி-ஐஓடி நெட்வொர்க்கை 2019-இல் நாடு முழுவதும் கொண்டுவந்தது. மீட்டர், சென்சார் போன்ற ஐஓடி சாதனங்கள் (இணையத்தோடு இணைந்த பொருள்கள்) மிகக் குறைந்த மின்சாரத்தில் செல்போன் டவரோடு சிறு செய்திகளைப் பேசும் வழி அது. 2024-இன் கடைசியில் அதே நிறுவனத்திடமிருந்து வேறொரு செய்தி வந்தது. அந்த வருட முடிவோடு புதிய என்பி-ஐஓடி சாதனங்களுக்குச் சான்று கிடையாது, 2025-இன் முதல் காலாண்டோடு நெட்வொர்க்கும் கிடையாது, இருப்பவர்கள் அதே மாதிரி சாதனங்களுக்கான இன்னொரு வழியான எல்டிஇ-எம்முக்கு மாறிக்கொள்ளலாம். திறந்ததிலிருந்து மூடும் தேதிவரை முழுதாக ஆறு வருடம்கூட இல்லை.

செல்போன் வைத்திருப்பவருக்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆறு வருடத்தில் அவர் இரண்டு போன் மாற்றியிருப்பார். ஆனால் என்பி-ஐஓடி செல்போனுக்காக வந்ததல்ல. தரைக்கடியில் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் தண்ணீர் மீட்டர், கேஸ் மீட்டர், வயல் நடுவே நட்டு வைத்த ஈரப்பத சென்சார், தெருவிளக்கு, இவற்றுக்காக வந்தது. ஒரு தடவை வைத்து மூடியைப் போட்டுவிட்டால் 10 வருடத்துக்கு யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதுதான் அது கொடுத்த வாக்கு. இந்தத் துறையில் வேலை பார்க்கும் நாங்கள் அந்தப் பத்து வருடத்தைப் பேட்டரிக் கணக்காகவே பார்த்துப் பழகிவிட்டோம். தூக்கத்தில் எத்தனை மைக்ரோஆம்பியர் போகிறது, ஒரு தடவை செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகிறது என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து அளந்தோம். மேலே இருக்கும் டவர் அத்தனை வருடம் பேசிக்கொண்டிருக்குமா என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கிருந்து வந்தது

அதுவரை மீட்டர்களையும் அலாரங்களையும் இணைத்துக்கொண்டிருந்தது 2ஜி. மாட்யூல் (சாதனத்துக்குள் டவரோடு பேசும் ரேடியோப் பகுதி) மலிவு, டவர் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் பேட்டரியில் வருடக்கணக்காக ஓடும் அளவுக்கு அது சிக்கனமானதல்ல, நிலவறையிலும் எட்டாது. இதற்குள் லோரா, சிக்ஃபாக்ஸ் என்ற போட்டித் தொழில்நுட்பங்கள் உரிமம் வேண்டாத அலைவரிசையில் அந்தச் சந்தையைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டன. செல்லுலார் உலகம் அவசரமாக ஒரு பதிலைத் தேட வேண்டியிருந்தது.

2014-இல் ஹுவாவே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த நியூல் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. குறுகிய அலைப்பட்டையில் சாதனங்களைப் பேச வைப்பதுதான் நியூலின் வேலை. அந்த வழியில் ஒரு முன்மொழிவு உருவானது. எரிக்சனும் நோக்கியாவும் 4ஜியான எல்டிஇ-யை ஒட்டியே இன்னொன்றைக் கொண்டுவந்தன. 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த, செல்லுலார் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டத்தில் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, அதற்கு என்பி-ஐஓடி என்று பெயர் வைத்தார்கள். 2016 ஜூனில் 13-ஆவது வெளியீட்டில் தரநிலை முடிவானது. அதே வெளியீட்டில் எல்டிஇ-எம்மும் வந்தது. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இந்த இரண்டின் பங்காளிப் போட்டிதான்.

என்பி-ஐஓடி 180 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். சாதாரண எல்டிஇ அலைவரிசைக்குள்ளேயே ஒரு துண்டை ஒதுக்கலாம், அதன் ஓரத்தில் சும்மா கிடக்கும் காப்புப் பட்டையில் வைக்கலாம், பழைய 2ஜி அலைவரிசை ஒன்றை எடுத்துத் தனியாகவும் ஓட்டலாம். எல்டிஇ-எம்முக்கு 1.4 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஆனால் அது ஒரு மெகாபிட் வேகம்வரை போகும், குரல் அழைப்பைத் தாங்கும், ஓடும் வண்டியில் டவர் விட்டு டவர் தாவும். முதல் வெளியீட்டு என்பி-ஐஓடியில் இறங்கு வேகம் நொடிக்கு 26 கிலோபிட் அளவுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டவருக்குக் கைமாறும் வசதியும் அதில் இல்லை.

அப்படியானால் அதன் பலம் எங்கே? எட்டும் தூரத்தில். டவருக்கும் சாதனத்துக்கும் இடையே எத்தனை டெசிபெல் இழப்பு இருந்தாலும் பேச்சு நடக்கும் என்பதுதான் இங்கே அளவுகோல். 2ஜியின் டேட்டா வழியான ஜிபிஆர்எஸ்ஸுக்கு அது 144 டெசிபெல், என்பி-ஐஓடிக்கு 164. இருபது டெசிபெல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. தரைக்கடி மீட்டருக்கு இந்த நூறு மடங்குதான் வாழ்வும் சாவும்.

பேட்டரிக் கணக்கு, உள்ளபடி

அந்த நூறு மடங்கு சும்மா கிடைப்பதல்ல. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித்தான் கிடைக்கிறது. சிக்னல் மோசமாக இருந்தால் டவர் ஒரே செய்தியை 2048 தடவைவரை அனுப்பலாம், சாதனம் 128 தடவைவரை திருப்பிச் சொல்லலாம். கூட்டத்தில் காது கேளாத தாத்தாவிடம் ஒரே வார்த்தையைப் பொறுமையாகப் பலமுறை சொல்வது மாதிரி. கேட்டுவிடும். ஆனால் சொல்பவருக்கு மூச்சு வாங்கும்.

மூச்சைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது பிஎஸ்எம் என்ற ஆழ்ந்த தூக்கம். சாதனம் நெட்வொர்க்கில் பதிவானபடியே ரேடியோவை முழுதாக அணைத்துவிடும். அதிகபட்சம் 413 நாள்வரை அப்படியே கிடக்கலாம் என்று தரநிலை இடம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாரும் அதை எழுப்ப முடியாது. இரண்டாவது இடிஆர்எக்ஸ், அரைத்தூக்கம். குறித்த இடைவெளியில் ஒரு கண்ணைத் திறந்து ‘எனக்கு ஏதாவது வந்ததா’ என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். என்பி-ஐஓடியில் அந்த இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுவரை நீளும், எல்டிஇ-எம்மில் 44 நிமிடம்வரை. இப்போது கிடைக்கும் நல்ல மாட்யூல்கள் பிஎஸ்எம்மில் மூன்று நான்கு மைக்ரோஆம்பியருக்கு மேல் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் ஊகக் கணக்குதான், எந்த நிறுவனத்தின் அளவீடும் அல்ல. தண்ணீர் மீட்டர்களில் வழக்கமாக இருப்பது லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி, 3.6 வோல்ட், நடுத்தர அளவில் 8.5 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடம் என்பது 87,600 மணி நேரம். தூக்கத்தில் மீட்டர் முழுதும் சேர்த்து 5 மைக்ரோஆம்பியர் என்றால் பத்து வருடத்துக்கு 0.44 ஆம்பியர்-மணி. பேட்டரி தானாகவே வருடத்துக்கு ஒரு சதவீதம் கரைகிறது என்றால் இன்னொரு 0.85.

அடுத்தது தினம் ஒரு செய்தி. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் பத்து நொடி வேலை, சராசரி 40 மில்லிஆம்பியர். பத்து வருடத்துக்கு 0.4 ஆம்பியர்-மணி. மொத்தம் 1.7. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்குதான் செலவு.

அதே மீட்டரை இரும்பு மூடி போட்ட ஆழமான குழிக்குள் இறக்குங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேலை 60 நொடி ஆகிறது, சராசரி 120 மில்லிஆம்பியர். ஒரு செய்திக்கு 2 மில்லிஆம்பியர்-மணி, பத்து வருடத்துக்கு 7.3 ஆம்பியர்-மணி. மொத்தம் 8.6. பேட்டரியிடம் இருப்பதோ 8.5.

மீட்டரும் பேட்டரியும் ஃபர்ம்வேரும் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) மாறவில்லை, குழி மட்டும்தான் மாறியது. அதனால் விற்பனைத் தாளில் இருக்கும் ‘10 வருடம்’ என்ற வரி ஒரு சாதனத்தின் குணம் அல்ல. ஒரு சாதனமும், ஒரு குழியும், ஒரு நெட்வொர்க்கும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது.

நெட்வொர்க்கின் பங்கு இதில் எவ்வளவு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததும் சாதனம் தூங்கப் போக முடியாது. ‘இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா’ என்று டவர் சில நொடிகள் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தை நிர்ணயிப்பவர் ஆபரேட்டர். ‘எனக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை, விட்டுவிடு’ என்று சாதனம் முன்கூட்டியே சொல்ல ஒரு வழி தரநிலையில் உண்டு. ஆனால் நெட்வொர்க் அதை மதிக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் 24 மணி நேரத் தூக்கம் கேட்டோம். நெட்வொர்க் அதைவிடக் குறைவான ஒன்றைத் திருப்பித் தந்தது. எங்கள் ஃபர்ம்வேர் கேட்டதை மட்டும் பதிவு செய்தது, கிடைத்ததைப் படிக்கவில்லை. பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குவதைப் பார்த்துத்தான் காரணத்தைத் தேடினோம். கேட்பது சாதனம், கொடுப்பது நெட்வொர்க் என்ற பாடத்தை அன்றைக்குக் கற்றேன்.

ஏன் அணைத்தார்கள்

டி-மொபைல் அமெரிக்காவில் 2018-இல் என்பி-ஐஓடியைத் தொடங்கியபோது வைத்த விலை ஒரு சாதனத்துக்கு வருடத்துக்கு 6 டாலர், 12 மெகாபைட்வரை. பத்து லட்சம் சாதனங்களைச் சேர்த்தாலும் வருடத்துக்கு 60 லட்சம் டாலர்தான். மாதம் 50 டாலர் கட்டும் ஒரு செல்போன் வாடிக்கையாளர் வருடத்துக்கு 600 டாலர் தருகிறார் என்று வைத்தால், நூறு மீட்டர் சேர்ந்து அவர் ஒருவருக்குச் சமம். நாடு முழுவதும் டவர் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 60 லட்சம் டாலர் சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக்காக மென்பொருளைப் பராமரிக்க வேண்டும், ஒவ்வொரு டவர் மேம்பாட்டிலும் சோதிக்க வேண்டும், சாதனங்களுக்குச் சான்று தர வேண்டும், அலைவரிசையில் ஒரு துண்டையும் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இது மட்டும் என்றால்கூட ஓட்டியிருக்கலாம். ஏடி அண்ட் டியிடம் 2017 முதலே எல்டிஇ-எம் நாடு முழுக்க இருந்தது. மீட்டர், வண்டி கண்காணிப்புக் கருவி, முதியவர்கள் கழுத்தில் மாட்டும் அவசர அழைப்புப் பொத்தான் என எல்லாவற்றையும் அது ஒன்றே சுமக்கும். ஒரே டவரில், ஏறக்குறைய ஒரே வேலைக்கு, இரண்டு தொழில்நுட்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். செலவைக் குறைக்க நினைக்கும் நாளில் எது போகும் என்பதில் பெரிய சஸ்பென்ஸ் இல்லை.

என்பி-ஐஓடிக்கு உள்ளேயே ஒரு பலவீனமும் உண்டு. அது ஃபர்ம்வேர் புதுப்பிப்பு. 500 கிலோபைட் கோப்பு ஒன்றை நல்ல சிக்னலில் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். ஆழத்தில் இருக்கும் மீட்டருக்கு நொடிக்கு 500 பிட்தான் கிடைக்கிறது என்றால் இரண்டே கால் மணி நேரம் ஆகும், அதுவும் ஒரு பாக்கெட்கூடத் தவறாமல் வந்தால். ரிசீவர் 50 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், மேலே பார்த்த ஆழ்குழி மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மாதச் செய்திகளுக்கான மின்சாரம் அந்த ஒரே இரவில் போய்விடும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காமல் ஒரு சாதனத்தைப் பத்து வருடம் வெளியில் விடலாம் என்ற எண்ணம் 2015-இல் சாதாரணமாக இருந்தது. இன்றைக்கு அதை யாரும் ஏற்க மாட்டார்கள். புதுப்பிப்பு கட்டாயம் என்று ஆனபின் எல்டிஇ-எம்மின் பக்கம் தராசு இன்னும் சாய்ந்தது.

முதலில் அணைத்தது ஏடி அண்ட் டி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் என்டிடி டோகோமோ 2019 ஏப்ரலில் என்பி-ஐஓடியைத் தொடங்கி 2020 மார்ச் 31-இல் நிறுத்தியது. ஒரு வருடம்தான். அங்கேயும் எல்டிஇ-எம் தங்கியது. அமெரிக்காவின் டிஷ் நிறுவனத்தின் கதை வேறு மாதிரி. கையில் இருந்த அலைவரிசை உரிமத்தைக் காப்பாற்ற 2020 மார்ச்சுக்குள் ஏதாவது ஒரு நெட்வொர்க்கைக் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது, அதற்காக என்பி-ஐஓடியைக் கட்ட ஆரம்பித்தது. 2019-இல் டி-மொபைல், ஸ்பிரிண்ட் இணைப்பை ஒட்டி வந்த உடன்பாட்டில் டிஷ் 5ஜி பக்கம் திரும்பியதும் என்பி-ஐஓடி வேலை அத்துடன் நின்றது. உரிமத்துக்காகப் பிறந்த நெட்வொர்க்குக்கு, உரிமத்துக்கு வேறு வழி கிடைத்ததும் வேலை இல்லாமல் போனது.

வெரைசனும் டி-மொபைலும் அமெரிக்காவில் என்பி-ஐஓடி தொடங்கியவைதான். ஆகவே இந்தத் தொழில்நுட்பம் செத்துவிட்டது என்று படிப்பது தவறு. செத்தது ஒரு ஆபரேட்டரிடம் இருந்த ஒரு நெட்வொர்க். அந்த ஆபரேட்டரின் சிம்மோடு குழிக்குள் இறங்கிய மீட்டருக்கு இந்த வேறுபாட்டால் பயன் உண்டா என்பதுதான் கேள்வி.

தப்பியவையும் தப்பாதவையும்

ஒரு மீட்டரின் விதியைத் தீர்மானித்தது போர்டு வரைந்த நாளில் எடுத்த ஒரு முடிவு. என்பி-ஐஓடி மட்டும் பேசும் மாட்யூல்கள் ஒரு பக்கம், க்வெக்டெல்லின் பிசி95, யூ-ப்ளாக்ஸின் சாரா-என்2 போன்றவை. எல்டிஇ-எம், என்பி-ஐஓடி இரண்டும் பேசும் மாட்யூல்கள் இன்னொரு பக்கம், க்வெக்டெல் பிஜி95, நார்டிக்கின் என்ஆர்எஃப்9160 போன்றவை. முதல் வகை விலை குறைவு. லட்சக்கணக்கில் வாங்கும்போது அந்த வித்தியாசம் பெரிய தொகை, வாங்கும் குழு அதைத்தான் பார்க்கும். நெட்வொர்க் அணையும் நாளில் அந்தச் சேமிப்பு முழுவதும் ஒரே பயணத்தில் போய்விடும். ஒரு ஆள், ஒரு வண்டி, ஒரு குழி, ஒரு மூடி. மாட்யூலின் விலையைவிட அந்த ஒரு நடையின் கூலி அதிகம்.

இரண்டும் பேசும் மாட்யூல் உள்ள மீட்டரை எல்டிஇ-எம்முக்கு மாற்றுவது கேட்பதற்கு எளிது. ஒரு அமைப்பை மாற்றி மறுபடி இயக்கினால் போதும். செய்யும்போதுதான் முடிச்சுகள் தெரியும். அந்தக் கட்டளை மீட்டருக்குப் போய்ச் சேர வேண்டும், மூடப்போகும் நெட்வொர்க் வழியாகவே. மீட்டர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தால் அது எழும்வரை காத்திருக்க வேண்டும். ஃபர்ம்வேரில் அந்த வசதியே எழுதப்படாமல் இருந்தால் முதலில் புதிய ஃபர்ம்வேரை அனுப்ப வேண்டும், அந்த நொடிக்கு 500 பிட் பாதையில். கடைசி தேதி மட்டும் ஆபரேட்டரின் கையில்.

அப்புறம் எட்டும் தூரம். எல்டிஇ-எம்முக்கு 3ஜிபிபி வைத்த இலக்கு 155.7 டெசிபெல். என்பி-ஐஓடியைவிட எட்டு டெசிபெல் குறைவு. நூறில் பெரும்பாலான மீட்டர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் எல்டிஇ-எம் வேகமாக வேலையை முடித்துச் சீக்கிரம் தூங்கிவிடும், பேட்டரிக்கும் அது நல்லது. ஆனால் என்பி-ஐஓடியைத் தேர்ந்தெடுத்த காரணமே வேறு எதுவும் எட்டாத கடைசிச் சில குழிகள்தான். அவை இந்த எட்டு டெசிபெல்லுக்குள்தான் இருக்கின்றன. மாற்றத்தில் தொலைந்துபோவதும் அவைதான்.

வேறு ஆபரேட்டருக்குத் தாவலாம் என்றால் சிம் குறுக்கே நிற்கிறது. மீட்டரில் இருப்பது போர்டிலேயே பற்றவைத்த சிறு சிம். தூரத்திலிருந்து ஆபரேட்டரை மாற்றும் இ-சிம் வசதி அப்போதும் இருந்தது. ஆனால் பழைய முறை எஸ்எம்எஸ்ஸையும் கனமான இணைய இணைப்பையும் நம்பியது, மெலிந்த சாதனத்துக்கு ஒத்துவராது. ஐஓடிக்கென்றே எஸ்ஜிபி.32 என்ற புதிய தரநிலையை, மொபைல் ஆபரேட்டர்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ வெளியிட்டது 2023-இல்தான். 2019-இல் குழிக்குள் போன மீட்டர் அதற்காகக் காத்திருந்திருக்க முடியாது.

யாரும் போய்ப் பார்க்காத மீட்டருக்கு என்ன ஆகும்? தினம் விடிகாலையில் எழும், டவரைத் தேடும், கிடைக்காது. ஒரு அலைவரிசை முடிந்ததும் அடுத்தது, அதற்கும் அடுத்தது. முழுத் தேடல் மூன்று நிமிடம், 50 மில்லிஆம்பியர் என்று வைத்தால் ஒரு தேடலுக்கு 2.5 மில்லிஆம்பியர்-மணி. தோற்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயற்சி செய் என்று ஃபர்ம்வேர் எழுதியிருந்தால் நாளுக்கு 60. பேட்டரியில் 5 ஆம்பியர்-மணி மிச்சம் இருந்தாலும் மூன்று மாதம் தாங்காது. தோல்விக்குப் பிறகு இடைவெளியை நாள், வாரம் என்று நீட்டிக்கொண்டே போகும்படி எழுதப்பட்ட மீட்டர் மட்டும், ஆள் வந்து மாற்றும்வரை அளவைக் கணக்கில் வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கும். இந்தச் சில வரி நிரலை நான் பார்த்த பல ஃபர்ம்வேர்களில் யாரும் எழுதியிருக்கவில்லை. நெட்வொர்க் தற்காலிகமாகப் போகலாம் என்று எல்லோரும் நினைத்தோம், நிரந்தரமாகப் போகும் என்று நினைக்கவில்லை.

சீனாவில் நடந்தது

இதே தொழில்நுட்பம் சீனாவில் வேறு பாதையில் போனது. 2017 மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஷென்ஜென் நகரத் தண்ணீர் நிறுவனம், சைனா டெலிகாம், ஹுவாவே மூன்றும் சேர்ந்து என்பி-ஐஓடி தண்ணீர் மீட்டர்களை வணிக அளவில் இயக்கத் தொடங்கின. இரண்டு மாதத்தில் சைனா டெலிகாம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டவர்களில் என்பி-ஐஓடி இருப்பதாக அறிவித்தது. ஜூனில் தொழில்துறை அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. 2017 முடிவுக்குள் 4 லட்சம் டவர், 2020-க்குள் 15 லட்சம் டவர், 60 கோடி இணைப்பு.

60 கோடி என்ற இலக்கு தவறியது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இணைப்புகள் கோடிக்கணக்கில் வந்தன, முக்கியமாகத் தண்ணீரும் கேஸும். 2020-இல் அமைச்சகம் இன்னொரு சுற்றறிக்கையில் புதிய ஐஓடி சாதனங்கள் 2ஜி, 3ஜிக்குப் போகாமல் என்பி-ஐஓடி, கேட்-1 (4ஜியின் ஒரு எளிய வகை) வழிகளுக்குப் போக வேண்டும் என்றது. மீட்டர் செய்பவருக்கு இதன் பொருள் தெளிவு. இந்த நெட்வொர்க்கை ஒரு நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கு அணைத்துவிடாது. சீனாவில் எல்டிஇ-எம் என்ற பங்காளியும் களத்தில் இல்லை. அதனால் இரண்டில் எதை விடுவது என்ற கேள்வியே எழவில்லை. மாட்யூல் விலை இறங்கியதும் இந்த அளவால்தான்.

அமெரிக்கச் சந்தை தவறு, சீன அரசு சரி என்று இதை நான் வாசிக்கவில்லை. அரசு சொல்லும் இலக்கும் மாறும். ஆனால் பத்து வருடப் பொருளை விற்பவருக்குப் பத்து வருடம் பேசும் ஒரு தரப்பு எதிர்ப்பக்கத்தில் வேண்டும். ஷென்ஜெனில் அது இருந்தது. ஏடி அண்ட் டி வாடிக்கையாளரிடம் ஒரு சேவை ஒப்பந்தம் இருந்தது, அவ்வளவுதான்.

நம் பக்கம்

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போது உயிரோடு இருக்கிறது. மின் விநியோகத்தைச் சீரமைக்க 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆர்டிஎஸ்எஸ் என்ற மத்திய அரசுத் திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மின் மீட்டர்களைப் பற்றிப் பேசுகிறது. ஐஓடி சிம்களுக்காகவே 13 இலக்க எண் 2018-இல் வந்துவிட்டது. 2022-இல் ஏர்டெல்லும் செக்யூர் மீட்டர்ஸும் பீகாரில் 13 லட்சம் வீடுகளுக்கு என்பி-ஐஓடி மீட்டர் என்று அறிவித்தபோது, அதில் ஒரு சிறு குறிப்பு என் கண்ணில் பட்டது. என்பி-ஐஓடி கிடைக்காவிட்டால் 2ஜி, 4ஜிக்கு இறங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு என்றார்கள். ஏடி அண்ட் டி அறிவிப்புக்கு இரண்டு வருடம் முன்பே அந்தப் பின்கதவைத் திறந்து வைத்தது நல்ல பொறியியல். அதை முன்னிட்டே அந்த அறிவிப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அது மின் மீட்டர். அதற்கு வீட்டு மின்சாரமே கையில் இருக்கிறது, எந்த ரேடியோவையும் தாங்கும். தண்ணீர் மீட்டருக்கு அந்தப் பின்கதவு கிடையாது. 2ஜி ரேடியோ பேசும் கணத்தில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கக் கூடியது, ஒரே மூச்சில் அவ்வளவு கேட்டால் அதன் வோல்டேஜ் சரிந்து மீட்டர் தானே அணைந்து எழும். பெரிய கெபாசிட்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கலாம், அதற்கு இடமும் விலையும் வேண்டும். கேட்-1 பிஸ் மாட்யூல் சாதாரண 4ஜி டவரிலேயே பேசும், நெட்வொர்க் போய்விடும் என்ற பயம் அதில் குறைவு. ஆனால் குழிக்குள் எட்டும் 164 டெசிபெல் அதனிடம் இல்லை.

ஆகவே அடுத்த சில வருடங்களில் நகராட்சிகள் பேட்டரித் தண்ணீர் மீட்டருக்கு டெண்டர் விடும்போது, பேட்டரி ஆயுளுக்குப் பக்கத்திலேயே சில வரிகளைச் சேர்க்கச் சொல்வேன். மாட்யூல் ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் வகை பேச வேண்டும். சிம் எஸ்ஜிபி.32 வழியில் தூரத்திலிருந்து மாற வேண்டும். ஆபரேட்டர் சேவையை நிறுத்துவதானால் குறைந்தது எத்தனை வருடம் முன்பே சொல்ல வேண்டும் என்பதும், குழியைத் திறக்கும் கூலி யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மீட்டரைச் சோதித்து வாங்கும் நாளில் மேசைமேல் வைத்துப் பார்க்காமல், அந்த ஊரிலேயே ஆழமான ஒரு குழியில் இறக்கி, மூடியைப் போட்டு, ஒரு மாதம் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் ஒரு வாரம் சிம்மை வேண்டுமென்றே முடக்கி வையுங்கள். எட்டாவது நாள் மூடியைத் திறந்து பேட்டரியை அளந்தால், டவர் இல்லாத காலத்தை இந்த மீட்டர் எப்படிக் கழிக்கும் என்று தெரிந்துவிடும்.